வரிக்கு ஓடியவர்களும் ஒரு கரகர ஆல்பமும்

போன பதிவில் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி எழுதி எல்லோரையும் கொட்டாவி விட வைத்ததாகக் கேள்விப்பட்டேன். பரிகாரமாக இந்த முறை பாட்டு. ஆனால் பாட்டைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் கதை வருமான வரியில்தான் ஆரம்பிக்கிறது. தொழில் புத்தி எங்கே போகும்? :-)

இங்கிலாந்தில் வரி ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி தொடங்கும். 1971இல் அந்தத் தேதியை ஒட்டி, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவினர் மூட்டை கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குக் குடிபோனார்கள். அப்போது அங்கே உச்ச வருமானக்காரர்களுக்கு வரி 90 சதவீதத்தையும் தாண்டும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1966இலேயே இதைத் திட்டி 'டாக்ஸ்மேன்' என்று ஒரு பாட்டே எழுதிவிட்டார். 'அடப்பாவமே' என்று சொல்லும் முன் நம் ஊரையும் பார்த்துவிடுங்கள். 1973-74இல் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம், சர்சார்ஜ் சேர்த்து, 97.75 சதவீதம். நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். இவ்வளவு வரி போட்டால் ஏய்ப்புதான் வளரும் என்று வாஞ்சூ குழு 1971இல் அறிக்கை கொடுத்த பிறகு, அடுத்த வருடம் 77க்கு இறக்கினார்கள்.

ஸ்டோன்ஸுக்கு வரி மட்டும் பிரச்சினை இல்லை. அறுபதுகளில் சம்பாதித்ததற்குக் கட்ட வேண்டிய வரியே பாக்கி நின்றது. அவர்களுடைய அறுபதுகளின் பாடல் உரிமைகளோ, முன்னாள் மேனேஜர் ஆலன் க்ளைனின் ஆப்கோ நிறுவனத்தின் கையில் சிக்கியிருந்தன. இருக்கும் வரி பாக்கியைக் கட்ட சம்பாதிக்க வேண்டும். சம்பாதித்தால் அதற்கும் வரி. இந்தச் சுழலைப் பார்த்துவிட்டு, 'நாட்டை விட்டுக் கிளம்புங்கள்' என்று யோசனை சொன்னவர் ரூபர்ட் லோவன்ஸ்டைன். லண்டனில் மெர்ச்சன்ட் பேங்க் நடத்தியவர். ராக் இசை வரலாற்றின் முக்கியமான ஆல்பம் ஒன்றுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு பேங்க்காரர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்த ஆல்பத்தின் பெயர் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. 1972 மே மாதம் வந்தது. இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், 18 பாட்டு, சுமார் 67 நிமிடம். தலைப்பில் உள்ள 'எக்ஸைல்' என்றால் ஊரை விட்டுப் போனவன். ஊரை விட்டு வந்து லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும் நமக்கு அந்த வார்த்தை கொஞ்சம் உறைக்கும். ஆனால் இவர்கள் போனது மத்தியதரைக் கடலோர மாளிகைக்கு. நாம் வந்தது டிரான்ஸ்ஃபர் ஆர்டரில். வித்தியாசம் இருக்கிறது!

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அந்த ஆல்பம் எப்படி மதிப்பிடப்பட்டது என்ற கதை. இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் ஒரே பல்லவிதான் கிடைக்கும்: 'வந்தபோது விமர்சகர்களுக்குப் புரியவில்லை, திட்டினார்கள், பிறகு திருந்தினார்கள்'. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைப் புரட்டிப் பார்த்தால் அப்படி நேர்கோடாக இல்லை.

நிலவறையும் லாரியும்

முதலில் அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். தெற்கு பிரான்ஸில் வில்ஃப்ராஞ்ச் என்ற கடலோர ஊரில் நெல்கோட் என்று ஒரு பெரிய மாளிகை. கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாடகைக்கு எடுத்தார். ஒலிப்பதிவுக்குத் தோதான ஸ்டூடியோ பக்கத்தில் அமையவில்லை. குழுவிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது, உள்ளே முழு ஒலிப்பதிவுக் கருவிகளோடு. அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஒயரை வீட்டுக்குள் இழுத்து, கீழே நிலவறையில் வாசிக்க ஆரம்பித்தார்கள். (அதே லாரிதான் அந்த வருடம் டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவுக்குப் போய், டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டைப் பதிவு செய்தது. ஹாஸ்டலில் கிடார் தூக்கிய ஒவ்வொரு பையனும் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்த டியூன்தான்!)

நிலவறை என்றால் ஒரே ஹால் இல்லை. சின்னச் சின்ன அறைகள். ஒருவர் இந்த அறையில், இன்னொருவர் நடையில். கோடைகாலம், காற்று வராது, ஈரப்பதம். கிடார் சுருதி நிற்காது. லாரியில் இருக்கும் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸுக்கு உள்ளே வாசிப்பவர்களின் முகம் தெரியாது. 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வந்ததற்கு அந்தப் புழுக்கத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்து வாசிப்பார்கள். 'ஹேப்பி' என்ற பாட்டு அப்படி வந்ததுதான். கீத் கிடார், பாபி கீஸ் சாக்ஸபோன், தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரே டிரம்ஸ். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் பாட்டின் அடித்தளம் தயார். குழுவின் பேஸ் கிடார்காரர் பில் வைமன் இல்லாமலேயே பல பாட்டுகள் பதிவாகியிருக்கின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் ஏதோ காவிய வாழ்க்கை மாதிரி எழுதுகிறார்கள். அங்கே ஹெராயின் தாராளமாகப் புழங்கியது. 1973இல் நீஸ் நகர நீதிமன்றம் கீத்துக்கு இடைநிறுத்தப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்து, இரண்டு வருடம் பிரான்ஸுக்குள் வரக் கூடாது என்றது. அங்கே வந்து தங்கிப் போன கிராம் பார்ஸன்ஸ் என்ற அற்புதமான பாடகர் அதே 1973இல், 26 வயதில், போதையில் இறந்துபோனார். நல்ல பாட்டு வந்ததால் இதெல்லாம் நியாயம் ஆகிவிடாது. காலேஜில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு திருத்தம். ஆல்பம் முழுவதும் அந்த நிலவறையில் பிறந்தது என்பதும் பாதிக் கதைதான். சில பாட்டுகள் 1969-70இலேயே லண்டன் பக்கம் ஆரம்பிக்கப்பட்டவை. 1971 கடைசியில் பிரான்ஸிலிருந்து கிளம்பி, லாஸ் ஏஞ்சலஸில் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பின்பாட்டு, பியானோ, ஆர்கன் எல்லாம் சேர்த்தார்கள். அங்கே பில்லி பிரஸ்டன் என்ற கறுப்பின இசைக் கலைஞர் கூட இருந்தார். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் அரீதா ஃபிராங்க்ளின் பாடிய 'அமேசிங் கிரேஸ்' நிகழ்ச்சியின் படத்தைப் பார்த்தால், கூட்டத்தில் மிக் ஜாகர் நிற்பது தெரியும். 'ஷைன் எ லைட்' பாட்டில் தேவாலய வாடை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கு இது ஒரு துப்பு.

கரகரப்பு யாருடையது?

இந்த ஆல்பத்தின் அடிமண் ப்ளூஸ். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது ஒரு புலம்பெயர்வின் இசையும் கூட. மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள், லட்சக்கணக்கில் ரயிலேறி வடக்கே சிகாகோ போன்ற தொழில் நகரங்களுக்குப் போனார்கள். மட்டி வாட்டர்ஸ் அப்படி 1943இல் போனவர். ஊரில் சாதா கிடார் வாசித்தவர். சிகாகோ மதுக்கடையின் இரைச்சலில் அது எடுபடவில்லை. மின்சார கிடாருக்கு மாறினார். அந்தக் கரகரப்பு, அதிர்வு, மைக்கை விழுங்கும் குரல் எல்லாமே பெரிய நகரத்தில் தன் குரல் கேட்க வேண்டுமே என்ற தேவையில் வந்தது. பாஷை தெரியாத ஊரில் கொஞ்சம் சத்தமாகப் பேசப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மட்டி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த 'ரோலிங் ஸ்டோன்' என்ற பாட்டிலிருந்துதான் இந்த ஆங்கிலேயப் பையன்கள் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மறுபடி நண்பர்களானதற்குக் காரணம், மிக் கையில் இருந்த மட்டி வாட்டர்ஸ், சக் பெர்ரி இசைத்தட்டுகள். ஆக, மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போன இசை, தபாலில் இங்கிலாந்து வந்து, வரிக்குப் பயந்து பிரான்ஸ் போய், லாஸ் ஏஞ்சலஸில் முடிந்தது. இத்தனை டிரான்ஸ்ஃபர் எங்கள் பேங்கில் கூட யாருக்கும் வந்ததில்லை.

முதல் தீர்ப்பு

ஆல்பம் வெளிவந்ததும் இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு நாட்டுப் பட்டியலிலும் முதலிடம். 'டம்ப்ளிங் டைஸ்' தனிப்பாட்டு அமெரிக்காவில் 7, இங்கிலாந்தில் 5ஆம் இடம். எனவே 'யாரும் கண்டுகொள்ளாத ஆல்பம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மக்கள் வாங்கினார்கள். குழம்பியது விமர்சகர்கள்தான். அவர்களிலும் எல்லோரும் இல்லை.

அதிகம் பேசப்படுவது 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் 1972 ஜூலையில் லென்னி கே எழுதியது. அவர் திட்டவில்லை. சில பாட்டு பிடிக்கும், சிலதைத் தாண்டிப் போவீர்கள் என்றார். குழு தனக்குப் பழக்கமான அடிப்படைகளுக்குள்ளேயே சுற்றி வருகிறது, பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, ஜாகரின் குரல் வாத்தியங்களுக்குள் அமுங்கிவிடுகிறது என்பவை அவருடைய குறைகள். கடைசியில், இவர்களுடைய முதிர்ந்த காலத்தின் மகத்தான ஆல்பம் இனிமேல்தான் வர வேண்டும், ஒருவேளை அடுத்ததாக இருக்கலாம் என்ற பொருளில் முடித்தார். எதை இனி வரும் என்றாரோ, அதுவேதான் அவர் மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பது பின்னால் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

ஆனால் சிரிப்பதற்கு முன் லென்னி கே யார் என்று பாருங்கள். அதே 1972இல் 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டவர் அவர். அறுபதுகளில் கார் ஷெட்டுகளில் வாசித்துப் பழகிய, பாலிஷ் இல்லாத சின்னச் சின்னக் குழுக்களின் பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு அது. பிறகு பட்டி ஸ்மித் குழுவில் கிடார் வாசித்தார். முரட்டு இசைக்கு அவரை விடப் பழகிய காது அந்த வருடம் கிடைத்திருப்பது கஷ்டம். அப்படிப்பட்டவருக்கே இடறியது என்றால், காது சரியில்லை என்று தள்ளிவிட முடியாது.

இங்கிலாந்தில் 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் அப்போதே மனம் திறந்து பாராட்டினார். வரலாற்றில் இடம் பிடிக்கும் என்றார். அமெரிக்காவில் ராபர்ட் கிறிஸ்ட்காவ், 1972இன் மிகச் சிறந்த ஆல்பம் என்று வருடக் கடைசிப் பட்டியலில் முதலிடம் கொடுத்தார். கேட்கச் சிரமமானது, களைத்துப்போன ஒரு மகத்தான படைப்பு என்பது அவர் கருத்தின் சாரம். 'க்ரீம்' பத்திரிகையின் லெஸ்டர் பாங்ஸ் முதலில் பிடிக்கவில்லை என்றவர், சில மாதங்களிலேயே மனம் மாறி, அதை வெளிப்படையாக எழுதினார்.

ஆக, முதல் வருடத்திலேயே பாராட்டு, தயக்கம், மனமாற்றம் மூன்றும் இருக்கின்றன.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. தயங்கியவர்கள் சொன்னதையும் பாராட்டியவர்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விவரங்கள் ஒன்றேதான்! குரல் அமுங்கியிருக்கிறது: ஆமாம். பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன: ஆமாம். தனித்துத் தெரியும் 'ஹிட்' குறைவு: ஆமாம். ஒருவர் இதைப் பற்றில் எழுதினார், இன்னொருவர் வரவில் எழுதினார். அடுத்த முப்பது வருடத்தில் நடந்தது என்னவென்றால், அதே சொத்தை மறுமதிப்பீடு செய்தார்கள். சொத்து மாறவில்லை. மதிப்பு ஏறியது. 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இதற்கு 7ஆம் இடம். 2020 பட்டியலில் 14. 2010இல் மறுவெளியீடு வந்தபோது, 38 வருடம் கழித்து, இங்கிலாந்தில் மறுபடி முதலிடம்.

மதிப்பு ஏன் ஏறியது?

எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள்.

ஒன்று, நேரம். பத்திரிகைக்கு எழுதுபவருக்குக் கெடு உண்டு. நான்கு பக்கம், 18 பாட்டு. இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு எழுத வேண்டும். இது மூன்றாவது தடவையில் பிடிபடும் ஆல்பம் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைப் போட்டபோது, அடுப்படியிலிருந்து "ஏங்க, பாடறவர் என்ன பக்கத்து ஃப்ளாட்லேர்ந்து பாடறாரா?" என்று கேள்வி வந்தது. லென்னி கே ஒரு பக்கத்துக்கு எழுதியதை என் மனைவி ஒரே வரியில் சொல்லிவிட்டார். :-) இப்போது 'ஷைன் எ லைட்' வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். பாக்கி 17 பாட்டு நிலுவையில் இருக்கிறது.

இரண்டு, பின்னால் வந்த இசை. 1976 வாக்கில் பங்க் வந்தது. சுத்தமாக, நகாசு வேலையோடு வாசிப்பதுதான் உயர்வு என்ற எண்ணத்தை அது உடைத்தது. அதற்குப் பின் வளர்ந்தவர்கள் 'எக்ஸைல்' கேட்டபோது, அழுக்கு அவர்களுக்கு அழுக்காகப் படவில்லை, உண்மையாகப் பட்டது. 1993இல் லிஸ் ஃபேர் என்ற இளம் பாடகி 'எக்ஸைல் இன் கைவில்' என்று 18 பாட்டு கொண்ட ஆல்பம் போட்டார். ஸ்டோன்ஸ் ஆல்பத்துக்குப் பாட்டுக்குப் பாட்டு ஒரு பெண்ணின் பதில் அது என்று சொன்னார். பதில் சொல்லப்படும் அளவுக்கு ஒரு படைப்பு வந்துவிட்டால் அதன் இடம் உறுதி.

மூன்று, கதை. மாளிகை, நிலவறை, புழுக்கம், போதை, வரி. கதை தெரிந்து கேட்டால் கரகரப்புக்கு அர்த்தம் கூடிவிடுகிறது. அட்டைப்படமும் இதில் சேர்த்தி. ராபர்ட் ஃபிராங்க் எடுத்தது. சர்க்கஸ் வித்தைக்காரர்கள் போன்றவர்களின் பழைய புகைப்படங்கள் ஒட்டிய ஒரு சுவர். உள்ளே இருக்கும் சத்தத்துக்கு அட்டையே விளக்கவுரை.

நான்கு, பட்டியல்கள். ஒரு பட்டியலில் மேலே வந்தால் அடுத்த பட்டியல் போடுபவருக்கு அதை இறக்கத் தயக்கம் வரும். முதலில் எல்லோரும் தயங்கியதற்கும் பிறகு எல்லோரும் தலையாட்டியதற்கும் இடையே குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்த மறுமதிப்பீட்டில் கையெழுத்துப் போடாத ஒருவர் இருக்கிறார். ஆல்பத்தில் பாடிய மிக் ஜாகரே! தனக்குப் பிடித்த ஆல்பங்களில் இது முதலாவது இல்லை, மிக்ஸிங் சரியில்லை என்று பல வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். லென்னி கேயின் குறையும் அதுதானே! ஆக, 1972இல் அந்த விமர்சகர் சொன்னதைக் கடைசி வரை ஒப்புக்கொண்டவர் விமர்சிக்கப்பட்டவர்தான்.

இன்னொரு ஆல்பம், இன்னொரு தராசு

இதோடு முடித்திருந்தால் இது நல்ல முடிவுள்ள கதை. ஆனால் ஒரு பேரேட்டைத் திறந்தால் பக்கத்துப் பேரேட்டையும் திறக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டோன்ஸ் தொடங்கிய சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை அப்போது நடத்தியவர் மார்ஷல் செஸ். சிகாகோவில் மட்டி வாட்டர்ஸைப் பதிவு செய்த செஸ் நிறுவனக் குடும்பத்துப் பிள்ளை. இவர் 1968இல் ஒரு காரியம் செய்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மட்டி வாட்டர்ஸை வைத்து 'எலெக்ட்ரிக் மட்' என்று ஒரு ஆல்பம். பீட் கோஸி போன்ற இளைஞர்கள் கிடாரைக் கதற விட, பெரியவர் தன் பழைய பாட்டுகளைப் பாடினார். ஸ்டோன்ஸின் ஒரு பாட்டையும் பாடினார். பில்போர்டு பட்டியலில் 127ஆம் இடம் வரை போனது. மட்டிக்கு அது பெரிய விஷயம்.

விமர்சகர்கள்? கொதித்துவிட்டார்கள். ப்ளூஸின் தூய்மை கெட்டது, வியாபாரத்துக்கு விலைபோனார் என்று கிழித்தார்கள். மட்டிக்கே அந்த ஆல்பம் பிடிக்கவில்லை என்பது அவர் பின்னால் சொன்னவற்றிலிருந்து தெரிகிறது. மேடையில் அந்தச் சத்தத்தை அவர் தொடரவும் இல்லை. அதனால் விமர்சகர்கள் முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தராசைக் கவனியுங்கள். ஆங்கிலேய இளைஞர்கள் ப்ளூஸைக் குழப்பிக் கலக்கி வாசித்தால் 'முயற்சி'. ப்ளூஸுக்குச் சொந்தக்காரர் அதையே செய்தால் 'துரோகம்'. அவர் மிசிசிப்பி வாசலிலேயே, சாதா கிடாரோடு, படத்தில் மாட்டிய தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஊரை விட்டு வந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் எதிர்பார்ப்பதும் சில சமயம் இப்படித்தான் இருக்கிறது, இல்லையா? நாம் மாறவே கூடாது. அவர்கள் மட்டும் பீட்சா சாப்பிடுவார்கள்.

'எலெக்ட்ரிக் மட்' பக்கமும் காற்று திரும்பியது, கொஞ்சம் தாமதமாக. ராப் இசையின் சக் டி தன்னை ப்ளூஸ் பக்கம் இழுத்தது அந்த ஆல்பம்தான் என்றார். மார்டின் ஸ்கார்சேஸி முன்னின்று 2003இல் வெளிவந்த ப்ளூஸ் ஆவணப்படத் தொடரில் ஒரு படம், அந்த ஆல்பத்தில் வாசித்தவர்களையும் சக் டியையும் சேர்த்து உட்கார வைத்தது. மட்டி வாட்டர்ஸ் 1983இலேயே காலமாகிவிட்டார். பார்க்கவில்லை.

கடைசியாக, வரவு யாருக்கு?

'எக்ஸைல்' நான்காம் பக்கத்தில் 'ஸ்டாப் பிரேக்கிங் டவுன்' என்று ஒரு பாட்டு. மிக் டெய்லரின் கிடார் அதில் அபாரம். பாட்டை எழுதியவர் ராபர்ட் ஜான்சன். 1936, 37இல் டெக்ஸஸில் இரண்டே தடவை உட்கார்ந்து பாடிப் பதிவு செய்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்துபோன மிசிசிப்பிக்காரர். 1972இல் ஆல்பம் வந்தபோது அந்தப் பாட்டு மரபுப் பாடல் என்ற கணக்கில் போடப்பட்டது. அதாவது எழுதியவர் பெயர் தெரியாது, ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை.

பல வருட இழுபறிக்குப் பின், 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்தப் பாட்டையும், ஸ்டோன்ஸ் பாடிய அவருடைய இன்னொரு பாட்டான 'லவ் இன் வெய்ன்' பாட்டையும் பற்றித் தீர்ப்பு சொன்னது. பொதுச்சொத்து என்று வாதாடியது ஆப்கோ. ஆமாம், ஆரம்பத்தில் ஸ்டோன்ஸின் பாடல் உரிமைகள் யார் கையில் சிக்கியிருந்தன என்று பார்த்தோமே, அதே நிறுவனம். ஜான்சன் தரப்பின் உரிமை செல்லும் என்றது நீதிமன்றம். அவர் இறந்து 62 வருடம் ஆகியிருந்தது.

ஒரு ஆல்பம் நல்லதா கெட்டதா என்று முப்பது வருடம் பத்தி பத்தியாக எழுதினார்கள். குரல் கேட்கிறதா, மிக்ஸ் சரியா, ஏழாம் இடமா பதினாலாம் இடமா என்றெல்லாம். 1972இல் எழுதப்பட்ட பிரபலமான விமர்சனங்களில், அந்த ஒரு பாட்டுக்குக் கீழே பெயர் ஏன் இல்லை என்பது பெரிய பேச்சாகவில்லை. ரசனையின் மறுமதிப்பீடு விரைவாக நடந்துவிடுகிறது. காசோலை போய்ச் சேரத்தான் அறுபது வருடம் ஆகிறது. ஒரு ஆல்பத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டு பேரேட்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அதற்காக ஆல்பத்தைக் கேட்காமல் விட வேண்டாம். கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. 67 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அது நான்கு பக்கமாக வந்த சரக்கு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். இரண்டாம் பக்கத்தில் ஆரம்பியுங்கள். 'ஸ்வீட் வர்ஜீனியா' தொடங்கி நான்கு பாட்டு, இருப்பதிலேயே இதமானவை. பிறகு நான்காம் பக்கம். காதில் மாட்டும் ஹெட்ஃபோனை விட, அடுத்த அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு நீங்கள் இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். நிலவறைப் பாட்டுக்குச் சுவர் ஒன்று நடுவில் இருப்பது நல்லது.

முடிந்தால் அதற்கு முன் ராபர்ட் ஜான்சன் பாடிய 'ஸ்டாப் பிரேக்கிங் டவுன்' பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கிடார், இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்று முன்பின். யூடியூபில் கிடைக்கிறது.

டிஸ்கி: எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. பி.காம். படித்தவன் பாட்டுக் கேட்டால் கணக்குத்தான் பார்ப்பான் என்று திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். அடுத்த பதிவில் வீட்டுக் கடன் வட்டி, பாகம் இரண்டு. ஓடாதீர்கள். :-)